முட்டிக்கு மஞ்சள் நீர்

என் ரத்தத்தை எனக்கே விற்றார்கள். கையிலிருந்து உறிஞ்சி, எந்திரத்தில் தயிர் கடைவதுபோல் சுற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரை மட்டும் எடுத்து முழங்காலில் ஏற்றும் வைத்தியம். பி.ஆர்.பி. என்று பெயர். சரக்கு நம்முடையது, பில் அவர்களுடையது.

ஆஸ்திரேலியாவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 288 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு இந்த மஞ்சள் நீர், மறு பாதிக்கு வெறும் உப்பு நீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஓராண்டு கழித்துப் பார்த்தால் வலியிலும் சரி, குருத்தெலும்பிலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. 2021இல் வந்த முடிவு. உப்பு நீர்க்காரர்களுக்கும் வலி ஓரளவு குறைந்திருந்ததுதான் வேடிக்கை. (பலன் உண்டு என்னும் ஆய்வுகளும் இருக்கின்றன. கிளினிக் சுவரில் தொங்குபவை அவைதாம்.)

எடை விஷயம் இத்தனை குழப்பமில்லை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005லேயே அமெரிக்காவில் அளந்துவிட்டார்கள். ஆறு கிலோ இளைத்தால், அடிக்கு அடி கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசியை இறக்கி வைத்த மாதிரி. டாக்டரும், "சார், வெயிட்டைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நான் அப்போது ஊசிக்குத் தள்ளுபடி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்ட காலை இரண்டு நாள் அலட்டக் கூடாதாம். சோபாவில் சாய்ந்து, ஆறுதலுக்கு இரண்டு மெதுவடை. மூன்றாவதைக் கொண்டுவந்த மனைவி கேட்டாள்: "இதை நேரா முட்டியிலேயே பத்துப் போட்டுடட்டுமா?"