ஏறுமுன் படலம்

நிலத்தைப் பகுத்த பழைய இலக்கணக்காரர்கள் கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் என்றார்கள். அதற்குச் சிறுபொழுதாகப் பகல் சாயும் எற்பாட்டையும், உரிப்பொருளாக இரங்கலையும் வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு உல்லாசக் கப்பலில் போகும் தமிழ்க் குடும்பங்களை அவர்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை. இருந்தும் கப்பல் புறப்படுவது பெரும்பாலும் எற்பாட்டில்தான். அதற்கு முன் நடப்பது பெரும்பாலும் இரங்கல்தான். அவர்கள் சொல்லாமல் விட்டது, ஹோட்டல் அறையைக் காலி செய்யும் காலைக்கும் கப்பல் ஏறும் பிற்பகலுக்கும் நடுவே கிடக்கும் சில மணி நேரத்தை மட்டுமே. அந்த இடைப்பொழுதில் துறைமுக நகரைச் சுற்றிப் பார்க்கும் முறையை இப்படலம் கூறும்.

இத்துறையில் தமிழின் முதல் நூல் பட்டினப்பாலை. மொத்தம் 301 அடி. அதில் பெரும்பகுதியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைச் சுற்றிக் காட்டுவதிலேயே செலவிடுகிறார். உப்பு விற்று நெல் ஏற்றி வந்த படகு, பரதவர் கொண்டாட்டம், பண்டங்கள் குவிந்த முற்றம், உறங்காத தெரு எல்லாம் வருகின்றன. கடைசியில் தலைவன், இந்தப் பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் சொல்லிவிட்டுப் பயணத்தைக் கைவிடுகிறான். ஊரை ஒழுங்காகச் சுற்றிப் பார்த்தால் விளைவது இதுவே. ஆனால் அவன் போகவிருந்தது தரைவழி, முன்பணமும் கட்டியிருக்கவில்லை. இக்காலத்தார் பணத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே கட்டி, திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனைக்கும் உடன்பட்டவர்கள். ஆகவே அவர்கள் ஊரை அவ்வளவு ஊன்றிப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள்.

அதே நூலில் துறைமுகச் சுங்க அதிகாரிகள் மூட்டைகளில் புலி இலச்சினை பொறிக்கும் காட்சி உண்டு. இன்று பெட்டிக்குக் கப்பல் நிறுவனத்தின் காகித அட்டை. பயணியே வீட்டில் அச்சிட்டு, நான்காக மடித்து, ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ள வேண்டும். சோழர் புலி வழியில் உதிர்ந்ததாகப் பாட்டில் இல்லை.

பெட்டி இத்திணையின் கருப்பொருள். பயணிகளைப் பெட்டியுடையார், பெட்டி ஒப்படைத்தார் என இரு வகையாகப் பகுக்கலாம். முதல் வகையினருக்கு ஊர் தெரியாது. சக்கரம் மட்டும் தெரியும். நவீனச் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றது. ஐந்தடி நடைபாதை என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் தக்க ஏற்பாடு. வீட்டுக்கு வீடு தரைமட்டம் அரையடி ஏறி இறங்கும். 30 கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு தெருவைக் கடந்தவருக்கு அந்தக் கட்டடங்களின் வேலைப்பாடு எதுவும் நினைவில் நிற்பதில்லை. முன்மாதிரி வேண்டுவோர் சாங் நீல உத்தமன் என்ற அரசகுமாரனைப் பார்க்கலாம். அவன் இந்தத் தீவை நோக்கி வருகையில் புயல் அடித்து, சாமான்களை ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்து, கடைசியில் கிரீடத்தையும் எறிந்த பிறகே கப்பல் கரை சேர்ந்தது என்று மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. சுமையில்லாமல் இறங்கியதால் அவனுக்குக் கரையில் ஒரு சிங்கம் கண்ணில் பட்டது. ஊருக்குப் பெயரும் வைக்க முடிந்தது.

இனி நிலம். இங்கே ஒரு சிக்கல். நெய்தலுக்குக் கடல் வேண்டும். சிங்கப்பூரிலோ கடலின் பேரால் நிற்கும் இடங்களில் கடல் கிடையாது. பீச் ரோட்டில் நின்றால் பீச் தெரியாது. 1887இல் அந்தத் தெருவில் ராஃபிள்ஸ் ஹோட்டல் திறந்தபோது எதிரே கடல் இருந்தது. இப்போது எதிரே இருப்பவை வானளாவிகள். (அங்குள்ள மதுக்கூடத்தில் வேர்க்கடலைத் தோலைத் தரையில் போடலாம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் நாட்டில் இது ஒரு புறனடை; கட்டணம் மதுவின் விலையில் அடங்கும்.) தெலுக் ஆயர் தெரு இன்னும் தெளிவான சான்று. அலை வந்து மோதிய பழைய கரை அதுதான். உயிரோடு வந்து இறங்கியவர்கள் முதற்காரியமாக நேர்த்திக்கடன் தீர்த்தார்கள். சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா எழுப்பினார்கள். அதே தெருவில் ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசுவுக்குக் கோயில் கட்டி 1842இல் முடித்தார்கள். கடலுக்குக் காவல் இப்படி இரட்டிப்பான பிறகு, நகரம் கடலை மண் கொட்டித் தள்ளிவைக்கத் தொடங்கிற்று. சுதந்திரம் அடைந்தபோது 580 சதுர கி.மீ. அளவில் இருந்த நாடு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. தர்கா வாசலிலிருந்து மரினா பே கப்பல் நிலையம் நேர்கோட்டில் 2 கி.மீ.க்குச் சற்று மேல்; அந்தத் தூரம் முழுக்க முன்பு கடல். அதன் குறுக்கே நடப்பவர்களிடம் அதற்குரிய வியப்பு காணப்படுவதில்லை. வியர்வை காணப்படுகிறது.

பாதி சிங்கம், பாதி மீனான மெர்லயன் சிலை பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1964இல் சுற்றுலாக் கழகத்தின் சின்னமாக அதை வரைந்தவர் ஃப்ரேசர் புருன்னர், மீன் காட்சியகம் ஒன்றின் காப்பாளர். ஆகவே மீன் பாதி நம்பத்தக்கது. சிங்கப் பாதிக்கு அந்த அரசகுமாரன் பார்த்ததைத் தவிர வேறு சான்றில்லை. அந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததே கிடையாது. 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை கொண்ட சிலையை லிம் நாங் செங் செய்து, 1972இல் ஆற்று முகத்துவாரத்தில் நிறுத்தினார்கள். வருவோரை வரவேற்பது அதன் பணி. 1997இல் ஒரு பாலம் கட்டி அதன் பார்வையை மறைத்தார்கள். 2002இல் சிலையை 120 மீட்டர் நகர்த்திப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2008இல் மரினா அணை விரிகுடாவின் வாயை அடைத்தது. உப்புநீர் படிப்படியாக நன்னீராகி, அது இப்போது குடிநீர்த் தேக்கம். கடல்வழி வருவோரை எதிர்பார்த்து நிற்கும் விலங்கின் முன்னால் கப்பல் நுழைய வழியில்லை. அது தொடர்ந்து ஏரிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறது. கப்பல் ஏற வந்தவர்கள் அனைவரும் இதன் முன் நின்று, வாயைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குடிநீர் என்பதால் சுகாதார ஆட்சேபம் ஏதுமில்லை.

நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில் மரினா பே சாண்ட்ஸ். 2010இல் திறந்த மூன்று கோபுரங்கள். அவற்றின் தலையில், தரையிலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில், கப்பல் வடிவில் ஒரு தோட்டம். அதன் நீளம் 340 மீட்டர். இந்தத் துறையிலிருந்து நம்மவர்கள் அதிகம் ஏறும் ஜென்டிங் ட்ரீம் கப்பலின் நீளம் 335 மீட்டர். கடலில் நிற்பதைவிடக் கூரையில் நிற்பது 5 மீட்டர் பெரிது.

“நாம ஏறப் போறது அதுலயாடா?”

“இல்ல அப்பத்தா, அது ஹோட்டலு.”

“அப்ப நம்ம கப்பலு இதவிடச் சின்னதா?”

கேள்வி அளவையியல்படி சரியானது. பேரனிடம் மறுமொழி இருந்ததில்லை.

பழங்கோயில் பார்க்க விரும்புவோர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையின் முயற்சியில் 1827இல் எழுந்தது. பக்கத்துத் தெருக்கள் இரண்டும் அதனால் பெயர் பெற்றவை. ஊர்க்காரர்கள் அந்தப் பகுதியைச் சைனாடவுன் என்கிறார்கள்.

லிட்டில் இந்தியாவுக்கு எல்லோரும் போகிறார்கள். சென்னையிலிருந்து கடல் கடந்து வந்து சிராங்கூன் ரோட்டில் இட்லி தின்பதை இகழ்வோர் உண்டு. அது பொருந்தாது. கப்பலில் சைவச் சாப்பாடு உண்டு என்று விளம்பரத்தில் படித்தவர்கள் எல்லோரும் அதை நம்ப வேண்டும் என்பதற்கு விதி கிடையாது. மூன்று நாளைக்கு இதுவே கடைசி என்று கருதி உண்பவர்கள் அளவுக்கு மிஞ்சி உண்கிறார்கள். பின்னர் அலையைக் குறை சொல்கிறார்கள்.

அங்கிருந்து சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தபா. ஒருகாலத்தில் 24 மணி நேரமும் திறந்திருந்த கடை. வாசலில் நம் கைப்பையை ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார்கள். பையோடு சேர்ந்து பொழுதும் கட்டுண்டுபோகிறது என்பது அனுபவம். அரை மணி என்று நுழைந்தவர் அரை மணியில் வந்ததற்குச் சான்று கிடையாது. வாங்கப்படுவன வாசனைத் திரவியம், சாக்லேட், கோடாலித் தைலம். 1928இல் தொடங்கிய சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு அந்தத் தைலம். தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குச் சிங்கப்பூர் என்றாலே அந்தக் குப்பிதான். சம்பந்தி வீட்டுக்கு ஒரு டஜன், எதிர்வீட்டு மாமிக்கு இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு. கப்பல் ஏறுமுன்னே வாங்குவதால், தைலம் மூன்று நாள் கடலில் சுற்றி வாங்கிய ஊருக்கே திரும்பி வருகிறது. வந்து வாங்கிக்கொள்ளலாமே என்று சொன்ன மாப்பிள்ளைகள் சிலர் இருந்திருக்கிறார்கள். அவர்கள் சொல் எடுபட்டதில்லை.

இனிப் போக்குவரத்து. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வடகிழக்குத் தடத்தில் ஒரே ஒரு நிறுத்தம்: டோபி காட். அங்கே இறங்கி வடக்கு–தெற்குத் தடத்துக்கு மாறினால் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே, அதற்கடுத்துக் கடைசி நிலையமான மரினா சவுத் பியர். அங்கிருந்து கப்பல் நிலையத்துக்குச் சற்று நடை. இதில் பிழை வர இடமில்லை என்று தோன்றும். ஆனால் டோபி காட்டில் இறங்காமல் அதே வண்டியில் உட்கார்ந்திருந்தால் அது கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க் கடந்து ஹார்பர்ஃபிரண்டில் முடிகிறது. இறங்கி மேலே வந்தால் அங்கேயும் ஒரு கப்பல் நிலையம்: சிங்கப்பூர் குரூஸ் சென்டர், 1991இல் தொடங்கியது. பெரிய பலகை, பெட்டிகளோடு வரிசை, சீருடைப் பணியாளர்கள், வெளியே கடல் எல்லாம் முறைப்படி இருக்கும். மரினா பே நிலையம் 2012இல் வந்த பிறகு நகரத்துக்கு இரண்டு கப்பல் வாசல். தவறிய இடத்திலும் சரியான இடத்தின் அடையாளங்கள் அனைத்தும் இருப்பதால், வரிசையின் முனைக்கு வந்து, இது பாத்தாம் தீவுக்குப் போகும் படகு என்று அறியும்வரை நெஞ்சு அமைதியாகவே இருக்கும். ஆகவே டாக்சிக்காரரிடம் “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொல்வது குற்றம். அடைமொழி கட்டாயம் வேண்டும்.

ரயிலில் தின்றாலும் குடித்தாலும் 500 வெள்ளி வரை அபராதம். கட்டுச்சோறு மடியில் இருக்கலாம், வாய்க்குப் போகக் கூடாது. டுரியன் பழம் கூடாது என்றும் படம் போட்டிருக்கிறார்கள். அதற்கு மட்டும் தொகை எழுதவில்லை. தொகை எழுதாத தடையே கடுமையானது என்பது கற்றோர் துணிபு.

உரிப்பொருள் எஞ்சியிருக்கிறது. பழைய நெய்தலில் தலைவி, போனவன் வரவில்லையே என்று இரங்கினாள். இங்கே குடும்பம் மொத்தமும், நிற்கும் கப்பல் போய்விடுமே என்று இரங்குகிறது. காலை பத்து மணிக்கே மெர்லயன் அருகில் இது தொடங்கும்.

“ஏங்க, மணி என்ன?”

“பதினொண்ணுகூட ஆகல.”

“போய் அங்கயே உக்காந்துக்கலாமே. டிராஃபிக் இருந்தா?”

“நாம ரயில்ல போறோம்.”

“ரயில்லயும்தான் கூட்டம் இருக்கும்.”

இவ்வாறாக, ஏறும் நேரம் இரண்டரை என்று சீட்டில் அச்சிட்டிருக்க, பன்னிரண்டே காலுக்குக் குடும்பம் நிலையத்தில் இருக்கிறது. அதே முடிவுக்கு வந்த வேறு பல குடும்பங்களும் இருக்கின்றன. பெட்டியை ஒப்படைத்தாயிற்று, கையில் ஒன்றும் இல்லை, ஊர் ரயில் தூரத்தில் அப்படியே கிடக்கிறது. திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று யாரும் சொல்வதில்லை. நிலையத்தின் கூடமே இந்த நகரில் அவர்கள் மிக நீண்ட நேரம், மிக உன்னிப்பாகப் பார்த்த இடம். கழிப்பறைகள் எங்கெங்கே, எந்தத் தூணில் சார்ஜர் வேலை செய்கிறது, எந்த வரிசை நகர்கிறது என்பனவற்றை ஊர் திரும்பிய பின்னும் பிழையின்றிச் சொல்வார்கள்.

ஏறிய பிறகு ஒரு சட்ட நுணுக்கம். கப்பல் பினாங்கையோ போர்ட் கிளாங்கையோ தொட்டுவிட்டு அதே துறைக்குத் திரும்பும். குடிநுழைவுத் துறையின் கணக்கில் பயணி நாட்டை விட்டுப் போனவர்; புதிதாக நுழைகிறார். ஆகவே இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசாவில் பலமுறை நுழைவுக்கு அனுமதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; வருகை அட்டையையும் இணையத்தில் இன்னொருமுறை நிரப்ப வேண்டும். திரும்பும் நாளில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுவார்கள். சென்னை விமானம் இரவு பத்தரைக்கு.