அமிர்தத்தின் அஜீர்ணம்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவன் மன நிம்மதியை நாடி ஆடு வளர்க்கப் புகுவானாயின், அவன் நாடிய நிம்மதி முழுவதையும் ஆடே அனுபவிக்கும் என்பது என் அனுபவ சித்தாந்தம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வந்த கஜா புயல், கீரமங்கலத்தில் என் தோப்புத் தென்னைகளில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டு, கொல்லைப்புறத்துப் பலாமரம் ஒன்றை மாத்திரம் தொடாமற் சென்றது. ஈசுவர கிருபை என்று கற்பூரம் ஏற்றினோம். தென்னை போன இடத்தில் ஆறு வெள்ளாடுகளை வாங்கிக் கட்டினேன். புயல் அந்த மரத்தை விட்டுவைத்த காரணம் சென்ற ஆனி மாதத்தில்தான் எனக்குத் துலங்கிற்று.

அம்மாதத்தில் ஒருநாள் காலை பலாப்பழம் அறுத்தோம். சுளைகளை வீட்டார் உண்ண, சக்கையும் தோலும் ஒரு கூடை சேர்ந்தன. அக்கூடையை அப்புறப்படுத்தும்படி இல்லாள் பணித்ததை, பத்திரிகை படித்து முடித்தபின் செய்வதாக நான் ஒத்திவைத்தேன். அமிர்தம் என்னும் என் மூத்த ஆடு எதையும் ஒத்திவைக்கும் சுபாவம் உடையதன்று. உச்சிப்பொழுதில் நான் போய்ப் பார்க்கையில் கூடை காலி. அமிர்தத்தின் இடப்பக்க விலாவுக்குப் பின்னே பள்ளமாய் இருக்கவேண்டிய இடம் மேடிட்டு, அது பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தன் வயிற்றைத் தானே திரும்பித் திரும்பிப் பார்த்து, இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி ஓலமிட்டது.

ஊர் கூடிற்று. சிவபெருமானின் பெருஞ்சிலைக்கு நேர் எதிரே நக்கீரருக்கும் சிலை எடுத்திருக்கும் ஊர் எங்கள் ஊர். இறைவன் சொன்னதையே ஏற்காத புலவரைக் கொண்டாடும் இடத்தில், அடுத்த வீட்டுக்காரன் சொன்ன நோயை எவன் ஏற்பான்? பூக்கடைக்காரர் ஓமமும் சுக்கும் இடிக்கச் சொன்னார். கீரை விற்கும் ஆயா, அது கண்ணேறேயன்றி வேறன்று என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பத்திரிகை படிக்கும் பழக்கமுள்ள ஒருவர், 1987-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய்தான் இது என்று தீர்ப்பளித்தார். அந்நோய்க்குரிய மூக்குச்சளியும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் இல்லையே என்றதற்கு, இனிமேல் வரும் என்றார். கறிக்கடைக்காரர் மாத்திரம் ஒன்றும் சொல்லாமல் வேலியோரம் நின்று, எத்தனை கிலோ தேறும் என்ற கனிவுடன் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சிராவைக் கச்சேரி மேடையேற்றிய மான்பூண்டியா பிள்ளை வாழ்ந்த புதுக்கோட்டைச் சீமை அல்லவா? தோல் கண்ட இடத்தில் தட்டிப் பார்க்கும் உரிமை இங்கே யாவர்க்கும் உண்டு. வந்தவர் ஒவ்வொருவரும் அமிர்தத்தின் விலாவை இரு விரலால் சுண்டிச் செவி சாய்த்து, சுருதி சேர்ந்திருப்பதாகவே தலையசைத்தனர்.

நானும் என் பங்குக்கு வீட்டிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துவந்து, வைக்கவேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டரை! கைகால் பதற 1962-க்குப் போன் செய்து, கால்நடை மருத்துவ ஊர்தியை அனுப்பும்படி மன்றாடினேன்.

ஊர்தி வருமுன் ஆஸ்திரேலியாவிலிருந்து என் அக்காள் மகன் பேசினான். அவன் அங்கே அல்பாகா என்னும் பிராணியைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். அது ஆண்டிஸ் மலையைப் பூர்விகமாகக் கொண்டது, ஒட்டகத்துக்குத் தாயாதி. "அதுக்கு நோவு வந்தா வெளியவே காட்டாது மாமா. அடிக்கடி தராசுல ஏத்தி, மெலிஞ்சிருக்கான்னு பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். பிடிக்காதவங்க மூஞ்சியில துப்பும்" என்றான். அத்தகைய கம்பீரமான நோயாளி எனக்கு வாய்க்கவில்லையே என்று ஏங்கினேன். துப்பும் வித்தையில் மாத்திரம் அமிர்தம் சளைத்ததன்று: நலம் விரும்பி ஒருவர் அதன் வாயை அண்ணாத்திப் புகட்டிய கடலெண்ணெயில் பாதி அந்நேரம் என் வேட்டியில் இருந்தது.

வந்த மருத்துவர் இளம்பெண். முதற்கண் எண்ணெய்க் கிண்ணத்தை அப்பால் எடுக்கச் செய்தார். தலையை அண்ணாத்தி ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய், வயிற்றுநோயில் தப்பிய ஆடு அதில் சாகுமாம். என் தெர்மாமீட்டர்ச் செய்தியைக் கேட்டுச் சிரித்தார்.

"ஆட்டுக்கு நூத்திரெண்டு, நூத்திமூணு இருக்கிறதுதான் சரிங்கய்யா. உங்களுக்கு வந்தாத்தான் காய்ச்சல்."

இனிப்பு மிகுந்த பண்டம் ஒரேயடியாய்ச் சென்றால் ஆட்டின் முதல் இரைப்பையில் புளித்து அமிலம் மிகுந்து, வயிற்றின் அசைவு நின்று, ஏப்பமாய் வெளியேற வேண்டிய வாயு உள்ளேயே சிறைப்படும் என்று விளக்கிக்கொண்டே, துளையிட்ட கட்டையொன்றைப் பற்களுக்கிடையே கொடுத்து, அதன் வழியே ரப்பர் குழாயை இறக்கினார். வெளிவந்த வாயு, காலையில் பழம் அறுத்தபோது வீட்டை நிறைத்த நறுமணத்தின் முதிர்ந்த பருவம். மேடு தணிந்தது, கூட்டமும் தணிந்தது, கறிக்கடைக்காரர் பெருமூச்சுடன் போய்விட்டார். பிறகு ஆப்ப சோடாக் கரைசலைப் புகட்டி, இரண்டு நாளைக்கு வைக்கோலும் தண்ணீரும் தவிர வேறெதுவும் கூடாது என்று பத்தியம் விதித்தார்.

இரவுக் காவல் என் தலையில் விடிந்தது. இடது விலாப்பள்ளத்தில் முஷ்டியை அழுத்திவைத்தால், ஆரோக்கியமான வயிறு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் புரளவேண்டுமாம். கடிகாரமும் கையுமாய் உட்கார்ந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. மூன்று மணிக்குமேல், கம்பளி போர்த்தியவர் ஒருவர் உள்ளே புரண்டு படுத்ததுபோல் என் விரல் முட்டிகளுக்கு அடியில் ஏதோ மெல்ல உருண்டது. ஆனந்தத்தில் நான் குனிந்த தருணம் பார்த்து, அமிர்தம் என் முகத்துக்கு நேரே ஒரு நீண்ட ஏப்பத்தை விட்டு, அசைபோடத் தொடங்கிற்று.

வாசக அன்பர்களே, ஆடு வைத்திருக்கும் வீட்டில் பலாச்சக்கையை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த உயரம் எது என்று தெரிந்தால் எனக்கும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.