கேட்பாரற்ற யாத்ரீகர்

அந்நிய தேசத்து நகரமொன்றில் தன்னந்தனியாகப் போய் இறங்குகிறவனுடைய முதல் நாளைப் பற்றி எழுதுகிறவர்கள், பாஷை தெரியாத சங்கடம், வழி தவறும் பயம், ஆகாரம் ஒத்துக்கொள்ளாத வயிறு என்று எத்தனையோ கஷ்டங்களை அடுக்கிவிட்டு, ஒரு பெருங்கஷ்டத்தை மட்டும் பிரஸ்தாபிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரும் ராஜபாளையத்தில் பிறக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். ராஜபாளையத்திலிருந்தோ, அங்கிருந்து ஏழெட்டு மைலில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ கிளம்பிப் போகிற தனி யாத்ரீகருக்குப் பாஷை ஒரு பொருட்டல்ல. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் வியாபாரத்தில் ஹிந்தியுமாகக் காலம் தள்ளியவருக்கு நாலாவதாக ஒன்று வந்தால் கையைக் காலை ஆட்டிச் சமாளித்துக்கொள்வார். அவரை வாட்டுகிற விஷயம் வேறு. போன இடத்தில் அவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இந்த வியாகூலத்தின் ஆழம் விளங்க வேண்டுமானால் எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் சற்றே தெரிந்திருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேருந்து நிலையத்தில் முதுகில் மூட்டையோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கினாரென்று வைத்துக்கொள்வோம். டீக்கடைக்காரர் "எந்தூரு?" என்று ஆரம்பித்து வைப்பார், ஆட்டோக்காரர் "தனியாவா வந்தீக? வீட்ல கூட்டியாரலையா?" என்று அதை ஒரு படி மேலே கொண்டுபோவார், மாட வீதியில் பூக்கட்டுகிற அம்மாள், கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் எத்தனை, இல்லையென்றால் ஏன் இல்லை என்ற அந்தரங்கப் பகுதியை ஜாடையிலேயே நடத்தி முடித்துவிடுவாள். மனிதர் பதினொரு நிலை ராஜகோபுரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பதற்குள் அவருடைய சம்பளம் அவருக்கு முன்னால் சந்நிதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இது வேற்று நாட்டாருக்கு மட்டும் செய்யப்படும் விசேஷ மரியாதை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னைக்குப் போகிற பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்தில் ஏறி உட்கார்ந்த ஒருவர், வண்டி விருதுநகரை எட்டுவதற்குள் எதிர் ஆசனக்காரருக்குத் தம் தாய்வழித் தாத்தாவின் தோட்டத்தில் எத்தனை மாமரம் இருந்தது என்பது வரையில் வாக்குமூலம் கொடுத்திராவிட்டால், அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம்.

இப்படிப்பட்ட விசாரணை மண்டலத்தில் அறுபது வருஷம் வாழ்ந்துவிட்டு, சத்திரப்பட்டியில் தறிகள் ஓட்டி ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பிப் பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, தொழிலை மகனிடம் ஒப்படைத்த கையோடு நம் யாத்ரீகர் சிங்கப்பூர் பார்க்கப் புறப்பட்டார். தனியாகப் போக வேண்டுமென்ற வேதாந்தம் ஏதும் அவருக்குக் கிடையாது. கூட வருவதாகச் சத்தியம் செய்திருந்த சிநேகிதர்கள் மூவரும் விசா வந்து சேர்ந்த மறுநாள் ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்குப் பேத்தி சடங்கு, ஒருவருக்கு வீட்டில் உத்தரவு இல்லை என்று வரிசையாக நழுவிக்கொண்டார்கள். டிக்கெட் பணம் திரும்ப வராது என்று தெரிந்ததனால் இவர் மட்டும் தீரரானார். தனி யாத்திரை ஆத்ம தரிசனத்துக்கு வழி என்று இந்நாளில் சிலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், அவர்களில் எத்தனை பேருக்கு இதே மாதிரி மூன்று சிநேகிதர்கள் இருந்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெட்டியில் அவர் எடுத்து வைத்தவை நாலு வேட்டி, நாலு சட்டை, ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை விமான நிலையத்தில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி வீட்டிலேயே விட்டுவிட்டு, 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையை மட்டும் கையோடு கொண்டுபோனார். இவையன்றி அவர் மிகவும் சிரத்தையாகத் தயாரித்துக்கொண்டது ஒரு பதில். "எந்த ஊர்?" என்று எவரேனும் கேட்டால் என்ன சொல்வது என்பதைக் கண்ணாடி முன் நின்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். ராஜபாளையம் என்று தொடங்கி, 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த நூல் ஆலையைத் தொட்டு, வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக 2005-ல் தபால் தலையிலேயே ஏறிவிட்ட ராஜபாளையம் நாயைத் தடவிக் கொடுத்து, தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருக்கிற ஆண்டாள் கோவில் கோபுரத்தில் போய் முடிகிற பதில் அது. அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அல்லவா இருக்கிறது என்று கேட்கிறவர்கள் உலகம் தெரியாதவர்கள். உள்ளூரில் இருக்கும்போது பஸ் நிறுத்தம் முதல் கோர்ட்டு வரை எதிலும் பக்கத்து ஊருக்கு ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காத ராஜபாளையத்துக்காரர், மதுரையைத் தாண்டிய க்ஷணத்தில் அந்த 192 அடிக் கோபுரத்தைத் தம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டு விடுவார். முத்திரையில் இருப்பது மதுரைக் கோவிலின் மேலக் கோபுரம் என்று வாதிக்கிற கட்சியும் ஒன்று உண்டு. அவர்களோடு அவர் பேசுவதில்லை.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும், கையில் கடவுச்சீட்டும் நாக்கு நுனியில் பதிலுமாக வரிசையில் போய் நின்றார். எந்த ராஜாங்கமானாலும் வாசலில் ஒரு அதிகாரியை உட்கார வைத்து, யார், எவர், எதற்கு வந்தாய் என்று கேட்கத்தானே செய்யும்? அந்த ராஜாங்கமோ கேட்க வேண்டியதையெல்லாம் வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள்ளேயே மின்னணுப் படிவமாகக் கேட்டு முடித்துவிட்டிருந்தது. ராஜபாளையத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் பையன் அதை இவருக்காக நிரப்பி அனுப்பி, ஐம்பது ரூபாயும் வாங்கிக்கொண்டிருந்தான். ஆகவே இவர் எதிரில் இருந்தது ஓர் இயந்திரம். கடவுச்சீட்டை வாசித்தது; முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தது; கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவுக்கு முன்னால் இன்னும் ஏதாவது வருமோ என்று அவர் தயங்கி நிற்க, பின்னால் நின்ற சீன மாது மிகுந்த மரியாதையோடு கையைக் காட்டி நகரச் சொன்னாள்.

ரயிலிலாவது கதி பிறக்கும் என்று நம்பினார். எக்ஸ்போ என்ற நிலையத்தில் மாறி லிட்டில் இந்தியா போகும் வண்டியில் ஏறியவர், டவுன் பஸ்ஸில் என்ஜின் பானெட்டை ஒட்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு டிரைவரோடு சம்பாஷணை நடத்திப் பழகியவராதலால், பெட்டி பெட்டியாகக் கடந்து முன்கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே டிரைவர் இல்லை. டிரைவருக்கு ஒரு அறையும் இல்லை. அகலமான கண்ணாடியும் அதற்கப்பால் இருட்டுச் சுரங்கமும் விளக்கு வரிசையுந்தான் இருந்தன. வண்டி தானாகவே போய்க்கொண்டிருந்தது. இன்னொருவராயிருந்தால் விஞ்ஞானத்தின் விந்தையை வியந்திருப்பார். அல்லது பயந்து பின்வாங்கியிருப்பார். இவருக்கு ஏற்பட்டதோ கிட்டத்தட்டத் துக்கம். டிரைவருமில்லை, கண்டக்டருமில்லை, பக்கத்தில் நின்ற முப்பது பேரும் தத்தம் கைப்பேசிக்குள் குனிந்திருந்தார்கள். அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில் ஒருவராவது தலையை நிமிர்த்தி, வேட்டி கட்டிக்கொண்டு பெட்டியோடு நிற்கிற இந்தப் பெரியவர் யாராத்து மனிதர் என்று ஒரு பார்வையாவது பார்க்கக் கூடாதா? வேட்டி கட்டினவர்களை அந்த ஊர் நூற்றாண்டுக்கு மேலாகப் பார்த்து அலுத்துவிட்டது என்பதை அவர் எப்படி அறிவார்!

தங்கும் விடுதியைப் பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை. அங்கே ஆளே கிடையாது. கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கதவில் ஒற்றினால் கதவு திறந்துகொண்டது.

சிராங்கூன் சாலைக்கு வந்த பிறகு நிலைமை திருந்தியிருக்க வேண்டும். மல்லிகைச் சரமும் வாழையிலையும் வடை மணமும், கடைப்பலகையெல்லாம் தமிழுமாக இருக்கிற வீதி அது. ஞாயிற்றுக்கிழமை மாலையாயிருந்தால் விடுமுறை பெற்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அந்தத் தேக்கா வட்டாரம் முழுவதும் கூடியிருப்பார்கள், "எந்தூருண்ணே?" என்ற கேள்வி நாலா பக்கத்திலிருந்தும் இவரைக் குளிப்பாட்டியிருக்கும். அவருடைய கிரகசாரம், அன்று செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர் "சாப்பாடா, டிபனா?" என்று கேட்டது வாஸ்தவம். ஆனால் அதில் விசாரிப்பின் ருசி இல்லை. சாப்பாட்டு விலையை, ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 60 ரூபாய்க்கு மேல் என்ற கணக்கில் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்ததில் ரசம் தொண்டையில் நின்றது. இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே இறங்கிற்று.

பக்கத்து மருந்துக் கடையில் அவர் கால் மணி நேரம் செலவிட்டதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேண்டேஜ் சுருள்கள் தொங்கிக்கொண்டிருந்த அலமாரி முன்னால் நின்று, ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் உறைக்கு மேலாகவே கட்டை விரலும் ஆட்காட்டி விரலுமாக நெருடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஊடைக்கும் பாவுக்கும் இழை எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் படர்ந்த கருணையைப் பார்க்க வேண்டும்: பிறர் பிள்ளை பரீட்சையில் தோற்றுப்போன செய்தியைக் கேட்கும் தகப்பனார்களுக்கு மட்டுமே அப்படிப்பட்ட கருணை சித்திக்கும். "இதைவிட நெருக்கமா நாங்க நெய்வோம்மா" என்று கடைப் பெண்ணிடம் சொன்னார். அவள் சிரித்த முகத்தோடு விலைச்சீட்டைச் சுட்டிக் காட்டினாள்.

மாலையில் மெர்லயனைத் தரிசித்தார். சிங்கத் தலையும் மீன் உடலுமாகத் தண்ணீர் கக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சிலை 1972-ல் நிறுவப்பட்டது, உயரம் 8.6 மீட்டர். வைஷ்ணவ க்ஷேத்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவராகையால், நரசிம்மத்தையும் மச்சத்தையும் ஒரே அவதாரமாகச் சிக்கனப்படுத்திவிட்டார்களே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. பிறகு மனம் தன்னியல்பாக அளவையில் இறங்கியது. நம் கோபுரத்தில் இரண்டு நிலைக்குக்கூடத் தேறாது என்று கண்டு திருப்தியுற்றார். எதிர்க்கரையில் மரினா பே சாண்ட்ஸின் மூன்று கட்டிடங்களும் ஐம்பது மாடிக்கு மேல் எழும்பி, உச்சியில் ஒரு கப்பலையே தூக்கி வைத்துக்கொண்டு நின்றன. அதை அடியில் கணக்கிடுவது விவேகமல்லவென்று உணர்ந்து, "என்ன உசரம் இருந்து என்ன, கலசம் இல்லையே" என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று கேட்காதீர்கள். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜப்பானிய தம்பதிகள் தலை வணங்கிவிட்டு அப்பால் சென்றார்கள்.

இவ்வாறு பகல் முழுவதும் கேட்பாரற்றுத் திரிந்த ஜீவனுக்கு இரவு எட்டு மணி சுமாருக்கு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலில் விமோசனம் கிடைத்தது. சிராங்கூன் சாலையில் 1855-ல் தோன்றிய அந்தக் கோவிலில் ஆண்டாளுக்கும் சந்நிதி உண்டு. அதைக் கண்டதும் நம் யாத்ரீகர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டவராகவே ஆகிவிட்டார். அர்ச்சனை செய்யப் போனபோது பட்டர், "பேரு? நக்ஷத்திரம்?" என்று கேட்டார். அன்றைய முதல் விசாரிப்பு! பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, கேட்காத ஊரையும் சேர்த்துச் சொல்லி, அங்கே ஆண்டாள் கையிலிருக்கும் கிளியை மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்புமாக அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டிச் சாத்துகிற விவரத்தையும் அவர் ஆரம்பித்தபோது, பட்டர் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் பின்னால் ஒரு குரல் கேட்டது. "ராஜபாளையமா அண்ணாச்சி? நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூருல்ல!"

மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் அவர். இருவரும் கட்டித் தழுவிக்கொள்ளாத குறைதான். எந்தத் தெரு, யார் வீடு, யாருக்கு யார் என்று பத்து நிமிஷம் அமிர்த வர்ஷமாகப் பொழிந்தது. பதினோராவது நிமிஷத்தில் வாத்தியார், "நம்ம கோபுரம் மாதிரி வராது" என்று சொல்ல, அந்த "நம்ம" என்பதன் எல்லை எது என்ற பிரச்சினை எழுந்தது. கோபுரத்திலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்கும், நீதிமன்றத்திலிருந்து ஆலைகளுக்கும் தாவி, கடைசியில் குமாரசாமி ராஜாவில் வந்து நின்றது. "மெட்ராஸ் ராஜதானிக்கே முதலமைச்சரா இருந்த மனுசனை 1952-ல உங்க தொகுதியிலதானே தோக்கடிச்சீக?" என்றார் இவர். தாம் பிறப்பதற்கு முன் நடந்த அந்தத் தேர்தலுக்கு வாத்தியார் தம் சொந்தப் பொறுப்பில் சமாதானம் சொல்லத் தொடங்கினார்.

குரல் ஓங்குவதைக் கேட்டு, பிரதட்சிணம் வந்துகொண்டிருந்த சிங்கப்பூர்த் தமிழ் அம்மாள் ஒருத்தி அன்போடு நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் எந்த ஊரு?" என்று கேட்டாள். இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஓ! மதுரைப் பக்கமா?" என்றாள் அவள்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே இருந்த பகை அந்த வினாடியிலேயே தீர்ந்தது. மதுரைக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அவமானத்தை முன்னிட்டு ஒன்றுபட்ட இருவரும், அம்மாளை மண்டபத்தூண் அருகே உட்கார வைத்துவிட்டு, வாத்தியார் ஆடிப்பூரத் தேரையும் செண்பகத்தோப்பையும், நம் யாத்ரீகர் அய்யனார் கோவில் அருவியையும் மாந்தோப்புகளையும் மாறி மாறிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் எடுத்துக்கொண்டார். அம்மாள் இரண்டு தரம் எழுந்திருக்க முயன்றாள். நடை சாத்தப் போகிறோம் என்று கோவில் சிப்பந்தி வந்து சொன்னபோது, நம் யாத்ரீகர் சஞ்சீவி மலையில் பாதி தூரந்தான் ஏறியிருந்தார்.