எட்சியின் கைவண்ணம்

கையால் பொருள் செய்து விற்பவர்களுக்கு வியாபாரம் சொல்லித்தரும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள், மக்கள் தேடுகிற சொற்களைத் தலைப்பில் வையுங்கள், வாடிக்கையாளரிடம் அன்பாகப் பேசுங்கள் என்று எல்லாம் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. அவற்றைப் படிக்கிற நேரத்தில் எட்சி நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்கலாம் என்பேன். கைவினையை வைத்து எப்படிப் பணம் பண்ணுவது என்று அதைப்போல் தெளிவாகச் செய்துகாட்டியவர் யாருமில்லை. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும்.

2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ராப் கேலினும் அவருடைய நண்பர்களும் இணையத்தில் திறந்த சந்தை அது. கையால் செய்தவை, பழம்பொருள்கள், கைவேலைக்கு வேண்டிய சாமான்கள், இவைதான் சரக்கு. அதுவரை கம்பளி பின்னுகிறவரும் மண்ணில் கோப்பை வனைகிறவரும் வார இறுதியில் கண்காட்சிக்கு வாடகை கட்டி, மேசை போட்டு, மழை வந்தால் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அவர்களுக்குச் சில சென்ட் செலவில் உலகமே பார்க்கும் கடை கிடைத்தது. விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். அது மெய்யான உதவி. அதை மறுக்க எனக்கு மனம் வராது.

வியாபாரத்தில் முதல் பாடம், சரக்கைத் தேங்கவிடாதே என்பது. எட்சி இதில் ஒரு பிசகும் செய்யவில்லை. அது ஒரு நூல்கண்டுகூட வாங்கி வைப்பதில்லை, சூளையில் வெடித்த கோப்பைக்கு அழ வேண்டியதில்லை. பொருளைப் பட்டியலில் வைக்க 20 சென்ட். நான்கு மாதத்தில் விற்காவிட்டால், தொடர்ந்து வைத்திருக்க மறுபடியும் 20 சென்ட். செய்தவருக்கு விற்பனையே இல்லாத மாதங்கள் உண்டு. அந்த மாதங்களிலும் சந்தைக்கு வரவு உண்டு. இந்த நிதானம் வியாபாரிகளில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அடுத்தது பொறுமை. விலை வைக்கப் பயப்படாதீர்கள் என்று கைவினைஞர்களுக்கு அறிவுரை சொல்லாத ஆளில்லை. எட்சி பயப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. விற்பனையில் 3.5 சதவீதம் மட்டும் எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்தது. விற்பவர்கள் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பி உட்காரும் வரை காத்திருந்தது. 2018 ஜூலையில் அது 5 சதவீதமானது. அதுவரை கணக்கில் வராத தபால் செலவின் மேலும் அந்த 5 சதவீதம் விழுந்தது. 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. நேரத்தைக் கவனியுங்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்கா முழுக்க முகக்கவசத்துக்குத் தவித்தபோது, எட்சி தன் விற்பனையாளர்களிடம் தைத்துத் தரச் சொல்லிக் கேட்டது. அவர்கள் வீட்டுத் தையல் இயந்திரங்களில் தைத்துத் தள்ளினார்கள். அந்தக் கவசங்களைத் தேடி வந்த புதியவர்களும் சேர, சந்தை ஒரே ஆண்டில் இரட்டிப்பானது. 2021இல் 1,200 கோடி டாலருக்கு மேல் சரக்கு கைமாறியது. அந்தச் சிறந்த ஆண்டின் கணக்கைச் சொன்ன கையோடு கட்டண உயர்வையும் அறிவித்தார்கள். நட்டத்தில் விலை ஏற்றுவதை எவரும் செய்வார். உழைத்துக் கொடுத்தவர்கள் முன்னால், லாபக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுவதற்குத் தனித் துணிவு வேண்டும்.

விளம்பரம் என்றால் சிறு வியாபாரி நடுங்குவார். முன்பணம் கட்ட வேண்டும், பலன் தெரியாது. இந்தப் பயத்தை எட்சி முழுக்கப் போக்கிவிட்டது. 2020இல் தொடங்கிய திட்டத்தில், கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் அதுவே விளம்பரம் போடும். முன்பணம் கேட்காது. விற்றால் மட்டும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 10,000 டாலருக்குக் கீழே விற்பவருக்கு 15 சதவீதம், அவர் வேண்டாம் என்று விலகலாம். அதைத் தாண்டியவருக்கு 12 சதவீதம், விலக வழியில்லை. பிறகு விற்பனை குறைந்தாலும் வழியில்லை. வளர்ந்தவரை நடுவழியில் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை இது. விளம்பரத்தைத் தட்டியவர் அந்தப் பொருளை விட்டுவிட்டு, முப்பது நாளுக்குள் அதே கடையில் வேறொன்றை வாங்கினாலும் கணக்கு வைத்துக்கொள்ளும் ஞாபகசக்தி அதற்கு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு பெண் கம்பளித் தொப்பி ஒன்று பின்னி 20 டாலருக்கு விற்கிறார், தபாலுக்கு 5 டாலர். வாங்குபவர் தருவது 25. பட்டியல் கட்டணம் 20 சென்ட். 6.5 சதவீதம் 1 டாலர் 63 சென்ட். பணம் பெற்றுத் தருவதற்கு 3 சதவீதமும் 25 சென்ட்டும், அது ஒரு டாலர். விளம்பரம் வழியாக வந்த ஆள் என்றால் 15 சதவீதம், 3 டாலர் 75 சென்ட். மொத்தம் 6 டாலர் 58 சென்ட், வந்த பணத்தில் கால் பங்குக்கு மேல். தபால்காரருக்கு 5 போக மிஞ்சுவது 13 டாலர் 42 சென்ட். கம்பளியும் பெட்டியும் அதற்குள், மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ பின்னிய விரல்களின் கூலியும் அதற்குள். அவருக்கு எவ்வளவு என்று யாரும் நிர்ணயிக்கவில்லை, மிஞ்சியது அவருடையது. எட்சியின் பங்கு மட்டும் ஒவ்வொரு படியிலும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. கூலி நிச்சயமில்லாத தொழிலில் ஒருவருக்காவது வருமானத்தை நிச்சயமாக்கியது சாதாரணக் காரியமல்ல.

வாங்குபவரின் மனம் அறிவதிலும் அதற்கு இணையில்லை. தபால் செலவைப் பார்த்ததும் பலர் வாங்காமல் போகிறார்கள் என்று கண்டது. 2019இல், 35 டாலருக்கு மேல் வாங்குபவருக்குத் தபாலை இலவசமாக்கும் கடைகளை அமெரிக்கத் தேடலில் முன்னால் காட்டத் தொடங்கியது. வாங்குபவருக்கு மகிழ்ச்சி. செலவு கடைக்காரருடையது.

அதன் பரந்த மனத்தையும் சொல்ல வேண்டும். 2013இல், வெளித் தயாரிப்பாளரிடம் கொடுத்துச் செய்வித்த பொருளையும், நிபந்தனைகளோடு, கைவினைச் சந்தைக்குள் அனுமதித்தது. தன் கையால் மட்டும் செய்பவர், பல கைகளால் செய்விப்பவரோடு ஒரே தேடல் பக்கத்தில் சமமாக நிற்கும் பெருமையைப் பெற்றார். சமூகப் பொறுப்புள்ள நிறுவனம் என்ற சான்றிதழை 2012இல் வாங்கியது. 2015இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2017இல் அந்தச் சான்றிதழை விட்டுக்கொடுத்தது. சுமக்க முடியாத பெயரைச் சுமப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் இறக்கி வைத்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. இதை மனதாரச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் 11 அன்று புதிய கட்டணம் அமலுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடினார்கள். நூல் வாங்கவே அடுத்த விற்பனையை எதிர்பார்த்திருந்தவர்களும் மூடினார்கள். எட்சி பதறவில்லை. 6.5 சதவீதம் 6.5 சதவீதமாகவே நின்றது.

ஆனாலும் அதன் மிகப்பெரிய திறமை, பெயரை நிலைநாட்டியதுதான். அழகான தொப்பியைப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், வாங்கியவர் எட்சியில் என்பார். பின்னியவரின் பெயர் அவருக்கு நினைவிருக்காது. தன்னிடம் வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரிக்கு, அவர் கேட்காமல் விளம்பரம் அனுப்பக் கடைக்காரருக்கு அனுமதியில்லை. தன் சொந்தத் தளத்தில் வந்து வாங்குங்கள் என்று கட்டணத்தைத் தவிர்ப்பதும் விதிமீறல். பத்தாண்டு உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களும் பாராட்டுரைகளும் அங்கேதான் இருக்கும். அவர் வேறிடத்தில் கடை போட்டால், முதல் வாடிக்கையாளரிடமிருந்து மறுபடி தொடங்குவார்.