மாஷிகோ மாமா

ஸ்ரீரங்கத்தில் இவர் சித்திரை வீதியில் இல்லாவிட்டால் உத்தர வீதியில் இருப்பார். பெல் தொழிற்சாலையில் பாய்லரோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவர். பிள்ளைக்கு டோக்கியோவில் வேலை. அங்கே போய்வந்ததிலிருந்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்த மாமா, சூளையின் சூட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டோக்கியோவுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் மாஷிகோ என்றொரு குயவர் ஊர். ஒரு சனிக்கிழமை பிள்ளை அங்கே கூட்டிப்போய்ச் சக்கரத்தின் முன் உட்காரவைத்தான். நடந்தது இவ்வளவுதான். மாமா சொல்லும்போது அது குருகுலவாசமாகிவிடும். மாட்டுப்பெண் எடுத்த வீடியோவிலோ மாமாவின் கையைவிடப் பட்டறை அம்மாளின் கைதான் அதிகம் தெரிகிறது. கிண்ணம் சாயும்போதெல்லாம் இரண்டு விரல் வந்து நிமிர்த்திவிட்டுப் போகிறது.

ஈரமண் காய்ந்து வெந்து வருவதற்குள் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். ரசம் குடிக்கவென்று மாமா வனைந்தது, சூளை முடிந்து பார்சலில் வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது. மாமி அதில் பெருங்காயம் ஊறப்போட்டிருக்கிறார். “ஹமாதா வாழ்ந்த ஊர் மண்ணுடி அது!” என்று மாமா பதறுகிறார். ஷோஜி ஹமாதா 1924இல் மாஷிகோவில் குடியேறியவர். சமையலறைச் சாடிகள் செய்துகொண்டிருந்த ஊரை உலகம் அறியச் செய்தவர். 1955இல் ஜப்பான் அரசு அவரை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று கௌரவித்தது. மாமா அவரைச் சொந்த அத்திம்பேர் மாதிரி “நம்ம ஹமாதா” என்பார்.

ஜப்பானிலேயே பிஸென் ஊரில் மண்பாண்டத் தொழில் கற்ற டெபரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971லேயே பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கிவிட்டார் என்று மருமான் ஒருவன் எடுத்துச் சொன்னான். “பாண்டிச்சேரிக்கு யார் வேணா போலாம்டா” என்றார் மாமா.

இத்தனைக்கும் கோயிலில் பெரிய பெருமாளுக்கு அன்றாடம் புது மண்பானையில் தளிகை நடக்கும் ஊர் ஸ்ரீரங்கம். அந்தப் பானை எங்கிருந்து வருகிறது என்று மாமா ஒருநாளும் கேட்டதில்லை. காவிரிக்கு அக்கரையில் உறையூரில், 1965–69இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது கறுப்பு-சிவப்பு ஓடுகளும் தமிழ்-பிராமி பொறித்த ஓடுகளும் கிடைத்தன. மாமாவுக்கு உறையூர் என்றால் கைத்தறிப் புடவை, அவ்வளவுதான்.

ஆனால் நெருப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அது அவருக்குச் சோறு போட்ட வித்தை. மாஷிகோச் சூளையில் சூடு ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டும். மண் இறுகிக் கல்லாகிவிடும். நம்மூர் வைக்கோல், விராட்டிச் சூளை அதற்கு வெகு கீழேயே நின்றுவிடும். அதனால்தான் பானையில் நுண்துளை மிச்சமிருக்கிறது, தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, உள்ளே இருப்பது குளிர்கிறது. இதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் பீற்றல் துளியும் இருக்காது.

பொங்கலுக்கு முன்பு காந்தி மார்க்கெட்டில் பானை வாங்கப்போனோம். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது எப்படி என்று பானைக்கார அம்மாளுக்கே மாமா பாடம் நடத்தினார். சக்கரத்துக்கு, சூளைக்கு, பார்சலுக்கு என்று தனித்தனியாக யென் எண்ணிக்கொடுத்த கதையையும் விடவில்லை. அந்தம்மா பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க செஞ்சது கிண்ணம் சாமி. பானைக்கு அடி சக்கரத்துல வராது. அடியில்லாம அறுத்தெடுத்து, உள்ளே கல்லைக் குடுத்து, வெளியே பலகையால தட்டித் தட்டித்தான் மூடணும்.”

மாமா பானையைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு விலை கேட்டார்.

“முந்நூறு.”

“இருநூறு வெச்சுக்கோ.”

“சப்பான்ல இப்படிக் குறைச்சுக் கேட்டீங்களா சாமி?”

“அங்க எனக்கு பாஷை தெரியாதேம்மா!”