ஆயிரத்தில் எண்பத்து நாலு

எங்கள் சொந்தத்தில் வளைந்து கொடுப்பதற்கென்றே நேர்ந்துவிடப்பட்டவர் சித்தப்பா. கல்யாண வேனில் டயர் மேட்டுக்கு மேல், முழங்கால் வந்து தாடையை இடிக்கும் அந்த இருக்கை அவருடையது. பந்தியில் ஓர் இலை குறைந்தால் எழுப்பப்படுபவரும் அவரே. “அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்” என்பார்கள். அவர் என்ன நினைத்தார் என்று எந்தப் பந்தியிலும் யாரும் கேட்டதில்லை.

சித்தியின் பழைய வளையலை அழித்து மோதிரம் செய்யப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். ஆசாரி கம்பியைப் பட்டடையில் வைத்துத் தட்டினார். சொன்னபடி வளைந்துகொண்டிருந்த கம்பி, பத்துத் தட்டு விழுந்ததும் முறைக்க ஆரம்பித்தது. “அடிக்க அடிக்க விறைச்சுக்கும் தம்பி. இதுக்கு மேல தட்டினா வெடிச்சிடும்” என்று அதை இடுக்கியில் பிடித்து, ஊதி ஊதிப் பழுக்கவைத்துத் தண்ணீரில் போட்டார். சுர்ர்! எடுத்தபோது பழையபடி பரம சாது.

உலோகத்தின் அணு அடுக்குகள் நழுவுவதால்தான் அது வளைகிறது. அடி விழ விழ அந்த நழுவல்கள் பெருகி, ஒன்றில் ஒன்று சிக்கி, மேற்கொண்டு நழுவ வழியில்லாமல் இறுகிவிடும். சூடு காட்டினால் சிக்கல் கலைந்து புதுப் படிகங்கள் உருவாகும். இதே நெருப்பு, இதே தண்ணீர் வைத்தியத்தை எஃகு உளிக்குச் செய்து பாருங்கள், இன்னும் முறுக்கிக்கொள்ளும். எங்கள் பெரியப்பா அந்த ஜாதி.

சொக்கத் தங்கத்தில் வளையல் போட்டுக்கொண்டு பஸ் கம்பியைப் பிடித்தால் நெளிந்துவிடுமாம். அதனால்தான் செம்பும் வெள்ளியும் கலந்து 22 காரட் ஆக்குகிறார்கள். ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம். கல்லைக் கவ்விப் பிடிக்கவேண்டிய வைர நகை பெரும்பாலும் 18 காரட், அதாவது 750. “வளையலுக்கு 916 போக மிச்சம் எண்பத்து நாலு இருந்தாத்தான் நகை நிக்கும்” என்றார் ஆசாரி.

“எண்பத்து நாலா?” என்று சித்தப்பா மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அடுத்த முகூர்த்தத்தில், மேடையில் குடும்பமே நின்றிருக்க, போட்டோக்காரர் “அந்த அங்கிள் மட்டும் கொஞ்சம் ஓரமா…” என்று கை காட்டினார்.

“நகர மாட்டேன்” என்றார் சித்தப்பா.

நாதஸ்வரமே ஒரு கணம் நின்றதாக அத்தை இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். சாயங்காலமே அவரை டாக்டரிடம் கூட்டிப்போய் சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. அன்று ராத்திரி சித்தப்பாவைத் தவிர வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை.