மாடித்தோட்டத்து உருளைக்கிழங்கின் தலையாய எதிரி: ஒரு கள ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மொட்டைமாடியில் குரோபேக்கில் நடப்படும் உருளைக்கிழங்கு ஏன் கோலிக்குண்டு அளவைத் தாண்ட மறுக்கிறது? இந்த வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெயில், மண், அணில், மாவுப்பூச்சி, எதிர்வீட்டாரின் கண் எனச் சந்தேகத்துக்குரிய அனைத்துத் தரப்பும் விசாரிக்கப்பட்டன. தினமும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கைதான் முதல் குற்றவாளி என்று தெரியவந்துள்ளது.

1. முன்னோர் ஆய்வுகள்

உருளைக்கிழங்கின் எதிரிகளைப் பட்டியலிட்ட அறிஞர்கள் ஏராளம். 1845இல் அயர்லாந்து வயல்களில் புகுந்த கருகல் நோய் ஒரு பெரும் பஞ்சத்துக்கே வழிவகுத்தது. ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1820களில் நீலகிரியில் காலூன்றச் செய்த இந்தப் பயிரில், 1961இல் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. புழு மண்ணோடு பயணம் செய்யும் என்பதால் அந்த மலையின் விதைக்கிழங்கு வெளியூர் போகக் கட்டுப்பாடு வந்தது. 1949இல் தொடங்கப்பட்ட மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. கருகலைத் தாங்க குஃப்ரி ஜோதி, வெப்பத்தைத் தாங்க குஃப்ரி சூர்யா என்று ரகம் ரகமாக வெளியிட்டது. ஆனால் வீட்டுக்காரரின் ஆள்காட்டி விரலைத் தாங்கும் ரகத்தை இன்றுவரை எவரும் உருவாக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு எழுந்தது.

2. ஆய்வுக் களம்

சென்னையின் மொட்டைமாடி ஒன்று களமாகக் கொள்ளப்பட்டது. ஒருபுறம் தண்ணீர்த் தொட்டி, மறுபுறம் வடகம் காயும் பழைய வேட்டி, நடுவே செம்மண்ணும் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பிய பைகள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற மூதுரை உருளைக்கிழங்குக்குப் பொருந்தாது. கிழங்கு திரள இரவில் 15 முதல் 20 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். சென்னை அதற்கு அருகிலாவது வருவது மார்கழி, தை மாதங்களில்தான். ஆகவே கார்த்திகையில் முளைவிட்ட கிழங்கை, துண்டுக்கு ஒரு கண்ணாவது இருக்கும்படி வெட்டி நட்டு, மாசியில் எடுப்பது முறை. இடைப்பட்ட தொண்ணூறு முதல் நூறு நாட்களில் மனித மனம் என்ன பாடுபடுகிறது என்பதே நம் ஆய்வுப்பொருள்.

3. காய்கறிகளின் புதிய வகைப்பாடு

தாவரவியலார் உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் நான்கையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். மாடித்தோட்ட நோக்கில் இது பெரும் பிழை. காய்கறிகள் உண்மையில் மூவகைப்படும்.

அ. காட்சிக் காய்கள்: தக்காளி, கத்தரி, வெண்டை, புடலை. இவை வளர்வதை எல்லோரும் பார்க்கலாம், படம் எடுத்து உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். புடலைக்குக் கல் கட்டித் தொங்கவிட்டு, வளர்ச்சியில் தமக்கும் பங்குண்டு என்று திருப்திப்படவும் செய்யலாம்.

ஆ. அரைக்காட்சிக் காய்கள்: முள்ளங்கி. பருக்கத் தொடங்கியதும் மண்ணுக்கு மேலே தோளைக் காட்டிவிடும். பண்பறிந்த காய்.

இ. மறைவுக் காய்கள்: உருளை, சேனை, சர்க்கரைவள்ளி. மேலே இலை எவ்வளவு செழித்தாலும் கீழே என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. தழைச்சத்து மிகுந்தால் செடி இடுப்பளவு வளரும். கிழங்கு மட்டும் வைக்காது.

மூன்றாம் வகையில் ஒரு புதிர் உண்டு. கொல்லையில் சேனை எட்டு மாதத்துக்கும் மேல் மண்ணுக்குள் கிடக்கும். தண்டு காய்ந்து சாயும்வரை ஒருவரும் அதைத் தொடுவதில்லை. மூன்று மாதப் பயிரான உருளையை மட்டும் ஏன் பாதியிலேயே தோண்டிப் பார்க்கிறார்கள்? இரு களங்களையும் ஒப்பிட்டதில் ஒரேயொரு வேறுபாடுதான் தென்பட்டது: கொல்லையில் பாட்டி இருந்தார், மொட்டைமாடிக்கு அவரால் படியேற முடியவில்லை.

4. தோண்டலின் வகைகள்

விரல் தோண்டல்: நட்ட மூன்றாம் வாரம் தொடங்குவது. தண்ணீர் ஊற்றும்போது ‘ஈரம் இருக்கிறதா’ என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு செய்யப்படும். ஈரம் பார்க்க ஒரு அங்குலம் போதும். முழங்கைவரை மண் ஒட்டியிருப்பதற்கு விளக்கம் கிடைக்கவில்லை.

வேளாண் தோண்டல்: ‘மண்ணுக்குக் காற்றோட்டம் கொடுக்கிறேன்’ என்ற பெயரில் சிறு களைக்கொத்தியால் நடப்பது. செய்பவர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். இயற்கை வேளாண்மைக் காணொளிகள் பார்ப்பவர். தோண்டிய குழியில் பஞ்சகவ்யா ஊற்றித் தடயத்தை மறைப்பது இவரது தனிச்சிறப்பு.

விருந்தினர் தூண்டும் தோண்டல்: ஊரிலிருந்து மச்சான் வந்தால் நிகழ்வது. களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“என்ன மாப்ள, இது தக்காளியா?”

“உருளைக்கிழங்கு, மச்சான்.”

“மெட்ராஸ் வெயில்ல உருளைக்கிழங்கா? சும்மா கதை விடாதீங்க.”

இதற்குப் பிறகு எந்த மனிதனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. செடி வேரோடு வெளியே வரும். அடியில் மொச்சை அளவில் ஏழெட்டுக் கிழங்குகள் தொங்கும். மச்சான் அடக்கமாக, “பரவால்லையே,” என்பார். அந்தச் சொல்லில் உள்ள இரக்கத்தை அளக்கும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இல்லத்தரசியின் தோண்டல்: இவ்வகைக்குச் சான்று இல்லை. “என்னங்க, கிழங்கு வச்சிருக்கா?” என்று அவர் கீழிருந்தே கேட்பார்; தோண்டும் வேலையை அந்தக் கேள்வி பார்த்துக்கொள்ளும்.

5. செடியின் தரப்பு வாக்குமூலம்

தோண்டலால் செடிக்கு என்ன ஆகிறது? உருளைக்கிழங்கு வேர் அன்று, தண்டு. மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய வெண்தண்டுகளின் நுனி பருத்தே கிழங்காகிறது. விரல் பட்டால் அந்தத் தண்டு ஒடியும்; ஒடிந்தால் அந்த நுனியில் வரவேண்டிய கிழங்கு கிடையாது. ஒடியாமல் தப்பி வெளிச்சத்தைப் பார்த்துவிட்ட தண்டோ, கிழங்காகும் எண்ணத்தைக் கைவிட்டு இலை விட்டு மேலே கிளம்பிவிடும். ஏற்கெனவே திரண்ட கிழங்கு வெயில் பட்டால் பச்சை பூத்து சோலனின் என்ற நச்சை ஏற்றிக்கொள்ளும்; அதைக் குழம்பில் போடக்கூடாது. இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் செடி வளர வளர மண்ணை அணைத்துக்கொண்டே போகிறார்கள். சுருங்கச் சொன்னால், மேன்மேலும் மூடச் சொல்லும் பயிரை நாம் மேன்மேலும் திறக்கிறோம்.

சில செடிகள் தற்காப்பு உத்தியும் கையாள்கின்றன. பூத்த பின் சிறு பச்சைத் தக்காளி போன்ற காய்களை மேலே காட்டும். ‘உருளைச் செடியில் தக்காளி’ என்று வீட்டார் அதைப் படமெடுப்பதில் மும்முரமாவதால், கீழே கிழங்குக்கு நான்கு நாள் நிம்மதி கிடைக்கிறது. அந்தக் காயும் நச்சுடையது. படத்தோடு நிறுத்திக்கொள்வது நலம்.

6. மறுப்புகளும் விடைகளும்

மறுப்பு ஒன்று: ஆஸ்திரேலியாவில் செடியைப் பிடுங்காமலே பக்கவாட்டில் கைவிட்டு நாலைந்து கிழங்கை உருவிக்கொண்டு மண்ணை மூடிவிடுவார்களாமே? உண்மை. மண் தோண்டும் விலங்கான பேண்டிகூட்டின் பெயரிலேயே அங்கே அந்த வித்தை வழங்குகிறது. ஆனால் அவர்கள் சமையலுக்கு எடுக்கிறார்கள். நாம் சந்தேகத்துக்கு எடுக்கிறோம். சமையலுக்கு ஓர் அளவு உண்டு.

மறுப்பு இரண்டு: தோண்டும் ஆசையால்தானே இந்தக் கிழங்கே உலகில் பரவியது? உருளைக்கிழங்கைப் பரப்ப முயன்ற பார்மென்டியே பற்றிப் பிரான்சில் ஒரு கதை சொல்வார்கள். உருளைக்கிழங்கை மக்கள் தீண்டாத காலத்தில், பாரிசுக்கு அருகே அவர் பயிரிட்ட வயலுக்குப் பகலில் சிப்பாய்களைக் காவல் நிறுத்தி, இரவில் விலக்கிக்கொண்டாராம். ஊர் திரண்டு வந்து தோண்டிக்கொண்டு போயிற்றாம். கதை மெய்யோ பொய்யோ, அதில் தோண்டியவர்கள் அடுத்தவர் வயலைத் தோண்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொந்தப் பையைத் தாமே கொள்ளையடிப்பது மாடித்தோட்டத்தாரின் தனிக் கண்டுபிடிப்பு.

7. பரிந்துரைகள்

ஒன்று: பூப்பூக்கும்வரை பைக்கு அருகே வெறுங்கையோடு செல்லக்கூடாது. ஒரு கையில் பூவாளி, மறு கையில் காபி டம்ளர் இருப்பது பாதுகாப்பு.

இரண்டு: இலை மஞ்சளாகிச் செடி தானாகச் சாய்வதே அறுவடைக்கு அழைப்பு. அதன்பின் தண்ணீரை நிறுத்தி, தோல் முற்ற இரண்டு வாரம் விட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டு வாரத்துக்கு வீட்டுக்காரரை வெளியூர் அனுப்பலாம்.

மூன்று: மேற்கண்டவை எதுவும் நடைமுறையில் பலிக்காது என்பதால், ‘ஏமாற்றுப் பை’ ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வந்த ஊட்டிக் கிழங்கில் ஒரு கிலோ வாங்கி, பழைய பையில் புதைத்து, மேலே ஒரு மணத்தக்காளிச் செடியை நட்டுவிட வேண்டும். அதுவும் அதே குடும்பம்தான். மச்சானுக்கு வித்தியாசம் தெரியாது. அவர் தம் கையாலேயே தோண்டி, கைகொள்ளாத கிழங்கை வெளியே எடுத்து, “என்னதான் சொல்லுங்க மாப்ள, கடைக் கிழங்குல இந்த ருசி வருமா?” என்பார். மறுக்க வேண்டாம், ஊருக்குக் கிளம்பும்போது பையில் அரைக் கிலோ போட்டுக் கொடுக்கவும்.